டேபர்னாக்கிள் கொயர்: ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் நாட்டின் குரலான கதை

அமெரிக்க அதிபர் பதவியேற்பில், ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில், கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளில் முந்நூற்றுச் சொச்சம் பேர் வரிசை வரிசையாக நின்று பாடுகிறார்களே, அது யாருடைய கொயர் என்று கேட்டிருந்தீர்கள். ஒரு சிறிய சபையின் பாடகர் குழுவை "அமெரிக்காவின் கொயர்" என்று ஏன் சொல்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் கேள்விக்கு ஒரு வரி போதும். அது யூட்டா மாநிலம் சால்ட் லேக் சிட்டியில் உள்ள டேபர்னாக்கிள் கொயர். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தது. உலகம் அவர்களை மோர்மன்கள் என்றே அறியும். இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அமெரிக்காவின் கொயர் என்று பெயரெடுத்த இந்தக் குழு பிறந்த இடம் அப்போது அமெரிக்காவே இல்லை, மெக்சிகோ. பிறந்த காரணமும் அமெரிக்காவை விட்டு ஓடியதுதான்.

சபையை 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசஃப் ஸ்மித் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 24. போன இடமெல்லாம் தகராறு. 1838-ல் மிசௌரி ஆளுநர், மோர்மன்களை ஒன்று மாநிலத்தை விட்டுத் துரத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒழிக்க வேண்டும் என்று அதிகாரபூர்வமாகவே உத்தரவு போட்டார். 1844-ல் இலினாய் மாநிலத்தில் சிறைக்குள் இருந்த ஸ்மித்தை ஒரு கும்பல் புகுந்து சுட்டுக் கொன்றது. அவருக்குப் பின் தலைமை ஏற்ற பிரிகாம் யங், மக்களை மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு மேற்கே புறப்பட்டார். 1847 ஜூலை 24 அன்று, இன்று சால்ட் லேக் சிட்டி இருக்கும் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 22 அன்று, மரக்கிளைகளை வெட்டிப் போட்ட பந்தலுக்குக் கீழே நடந்த கூட்டத்தில் ஒரு சின்னப் பாடகர் குழு பாடியது. அந்த நாளைத்தான் தங்கள் தொடக்கமாக இன்றும் கணக்கு வைக்கிறார்கள். வீடு கட்டுவதற்கு முன்பே கொயர் வைத்தவர்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம், ஆனால் கிட்டத்தட்ட உண்மை அதுதான்.

அந்தக் குழுவுக்கு உரம் போட்டவர்கள் வேல்ஸ் நாட்டவர்கள். வேல்ஸில் பாடுவது தொழில் அல்ல, பழக்கம். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர்களும் நாலு பார்ட் பிரித்துப் பாடுவார்கள். அங்கே மதம் மாறிய ஒரு கூட்டம் 1849-ல் சால்ட் லேக் வந்து சேர்ந்தது. அவர்கள் பாடியதைக் கேட்ட பிரிகாம் யங், ஜான் பாரி என்பவரைக் கூப்பிட்டு, நீரே ஒரு கொயர் அமையும் என்று சொல்லிவிட்டார். முதல் நடத்துநர் அவர்தான்.

அடுத்து வந்தது கட்டடம். குழுவின் பெயரில் உள்ள டேபர்னாக்கிள் என்ற சொல் இந்தக் கட்டடத்தைத்தான் குறிக்கிறது. 1867-ல் திறந்தார்கள். 250 அடி நீளம், 150 அடி அகலம், 80 அடி உயரம், நடுவில் ஒரு தூண் கிடையாது. தூரத்திலிருந்து பார்த்தால் கவிழ்த்துப் போட்ட ஆமை ஓடு மாதிரி இருக்கும். அதன் கூரையை எழுப்பியவர் ஹென்றி குரோ, பாலம் கட்டுகிறவர். ஆற்றுக்குக் குறுக்கே மரப்பாலம் போடும் அதே பின்னல் முறையில் கூரையை வளைத்துக் கட்டினார். ரயில் அந்தப் பக்கம் 1869-ல்தான் வந்தது. அதுவரை இரும்பு ஆணி என்றால் மாட்டு வண்டியில் நூற்றுக்கணக்கான மைல் வர வேண்டும். அதனால் பெரும்பாலும் மர ஆணிகளை அடித்தார்கள். மரம் வெடித்த இடங்களில் ஈரத் தோல் வாரைச் சுற்றினார்கள். தோல் காய்ந்ததும் இரும்புப் பட்டை போல இறுகிவிடும். உள்ளே ஒரு முனையில் குண்டூசியைக் கீழே போட்டால் மறுமுனையில் கேட்கும். பார்வையாளர்களுக்கு இதை இன்றும் செய்து காட்டுகிறார்கள். ஆனால் திறந்த புதிதில் எதிரொலி தாங்க முடியவில்லை. 1870-ல் உள்ளே சுற்றிலும் பால்கனி மாதிரி மாடம் கட்டிய பிறகுதான் அது அடங்கியது.

குழாய்களில் காற்றைச் செலுத்தி வாசிக்கும் பைப் ஆர்கனுக்கும் ஒரு கதை உண்டு. அதைக் கட்டிய ஜோசஃப் ரிட்ஜஸ் இங்கிலாந்துக்காரர். தங்கம் தேடி ஆஸ்திரேலியா போனவர், அங்கே சபையில் சேர்ந்தார். பெரிய குழாய்களுக்குத் தகுந்த மரம் பக்கத்தில் கிடைக்காமல் யூட்டாவின் தென்கோடியிலிருந்து சுமார் 300 மைல் மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். முதலில் சுமார் 700 குழாய்கள். பலமுறை விரிவாக்கி இன்று 11,623.

சரி, நல்ல கட்டடம், நல்ல ஆர்கன், பாடத் தெரிந்த மக்கள். ஆனால் நாடு இவர்களை வெறுத்தது. பலதார மணம்தான் முக்கியக் காரணம். 1887-ல் சபையின் சட்ட அந்தஸ்தையே பறிக்கும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1890-ல் சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப், இனிப் பலதார மணம் இல்லை என்று அறிவித்தார். அதே 1890-ல் கொயரின் பொறுப்பை ஏற்றார் எவன் ஸ்டீஃபன்ஸ். இவரும் வேல்ஸ்காரர், சிறுவனாக இருந்தபோது பெற்றோருடன் வந்தவர். நூற்றுச் சொச்சம் பேர் இருந்த குழுவை முந்நூறுக்கு மேல் வளர்த்தவர் இவர். இன்று நாம் பார்க்கும் அந்த மலை மாதிரியான உருவம் இவருடைய காலத்தில் வந்ததுதான்.

இனி 1893, சிகாகோ. என் கணக்கில் இந்தக் கொயரின் மொத்த வரலாறும் அந்த ஒரு மாதத்தில் அடங்கிவிடுகிறது.

சிகாகோ 1893 என்றதும் நமக்கு விவேகானந்தர் ஞாபகம் வரும். சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் பணம் திரட்டி அனுப்பிவைத்த அந்தப் பயணம். சர்வ மத மகாசபை செப்டம்பர் 11 அன்று தொடங்கியது. எல்லா மதங்களுக்கும் மேடை என்று பேர். ஆனால் அந்த நாட்டிலேயே பிறந்த ஒரு மதத்துக்கு அழைப்பு வரவில்லை. மோர்மன்கள் சார்பில் பி. எச். ராபர்ட்ஸ் என்பவர் விடாமல் கேட்டார். கடைசியில், முக்கிய அரங்கில் வேண்டாம், பக்கத்துச் சிறிய அறையில் உங்கள் கட்டுரையை வாசியுங்கள் என்றார்கள். அவர் மறுத்துவிட்டுத் திரும்பினார்.

இதற்குச் சில நாட்களுக்கு முன், அதே சிகாகோவில், அதே உலகக் கண்காட்சியின் ஒரு பகுதியாக, வேல்ஸ் மக்கள் தங்கள் பாரம்பரிய இசைப் போட்டியான ஐஸ்டெத்ஃபாடை நடத்தினார்கள். அதில் ஸ்டீஃபன்ஸ் சுமார் 250 பேருடன் போய்ப் பாடினார். ஹேண்டல், மெண்டல்சன் உருப்படிகளும் ஒரு வேல்ஸ் இசையமைப்பாளரின் பாடலும் போட்டிக்கு. பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் நகரக் குழு முதல் பரிசு 5,000 டாலரைத் தட்டிச் சென்றது. சால்ட் லேக் குழுவுக்கு இரண்டாம் பரிசு, 1,000 டாலர். சபைத் தலைவர் உட்ரஃபே கூடப் போயிருந்தார். பேச வந்தவருக்குப் பக்கத்து அறை, பாட வந்தவர்களுக்கு முக்கிய மேடையும் பரிசும். சபைத் தலைமைக்கு இதற்கு மேல் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதன் பிறகு வெளியுலகத்தைச் சந்திக்க அவர்கள் முதலில் அனுப்பியது பிரசங்கியை அல்ல, கொயரைத்தான். 1896-ல் யூட்டா மாநில அந்தஸ்து பெற்றது. 1911-ல் கிழக்குக் கரைப் பயணத்தில் வெள்ளை மாளிகையில் அதிபர் டாஃப்ட் முன்னால் பாடினார்கள்.

வெறும் பயணங்களால் மட்டும் இந்த அளவுக்குப் புகழ் வந்திருக்காது. வானொலிதான் அதைச் செய்தது. 1929 ஜூலை 15 அன்று என்.பி.சி. என்ற நாடு தழுவிய வானொலி வலைப்பின்னல் வழியாக முதல் ஒலிபரப்பு. உள்ளூர் நிலையத்திடம் இருந்தது ஒரே ஒரு மைக். அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். கொயருக்கும் ஆர்கனுக்கும் அது சரியாக இருந்தது, அறிவிப்பாளருக்கு எட்டவில்லை. ஆர்கன் வாசித்தவரின் மகன், 19 வயதுப் பையன் டெட் கிம்பால், ஓர் ஏணியில் ஏறி நின்று அறிவித்தான். பாட்டு நடக்கும்போது ஏணியிலிருந்து இறங்கினால் சத்தம் கேட்கும் என்பதால் நிகழ்ச்சி முடியும்வரை மேலேயே நின்றான். மூன்று ஆண்டில் நிகழ்ச்சி சி.பி.எஸ். என்ற இன்னொரு வலைப்பின்னலுக்கு மாறியது. "இசையும் உரையும்" என்று சொல்லத்தக்க அந்த வாராந்திர நிகழ்ச்சி இன்றுவரை நிற்கவில்லை. எண்ணிக்கை 5,000-ஐத் தொட்டுவிட்டது. உலகில் இவ்வளவு காலம் தொடர்ந்து ஓடும் வலைப்பின்னல் ஒலிபரப்பு வேறில்லை என்று சொல்கிறார்கள்.

நீளத்தைவிட அந்த நிகழ்ச்சியின் உள்ளடக்கம்தான் சுவாரஸ்யமானது. அரை மணி நேரம். நாலைந்து பாட்டு, நடுவில் இரண்டு மூன்று நிமிட உரை. அந்த உரையில் மதப் பிரச்சாரம் கிடையாது. எங்கள் சபைக்கு வாருங்கள் என்ற பேச்சு கிடையாது. பொறுமை, நன்றி, துக்கம் இப்படி எந்த மதத்தவரும் தலையாட்டக்கூடிய விஷயம். 1930-லிருந்து 1971-ல் இறக்கும்வரை ரிச்சர்ட் எவன்ஸ் என்பவர் அதைப் பேசினார். என்றுமுள்ள மலைகளின் நிழலிலிருந்து விடைபெறுகிறோம், இன்றும் என்றும் உங்களுக்குச் சமாதானம் என்ற பொருளில் அவர் முடிக்கும் வாசகம் அமெரிக்க வீடுகளில் ஞாயிற்றுக்கிழமையின் அடையாளமாக இருந்தது. மோர்மன் ஒருவரை நேரில் பார்த்தே இராத லட்சக்கணக்கானவர்கள் அவர்கள் குரலை வாராவாரம் சாப்பாட்டு மேசையில் கேட்டார்கள். இது பெரிய சாமர்த்தியம். தங்கள் கோட்பாட்டில் மற்றவர்களை உறுத்தும் பகுதியைச் சபை இந்த நிகழ்ச்சிக்குள் விடவே இல்லை. விமர்சகர்கள் இதைப் பூச்சு வேலை என்பார்கள். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

இப்படிப் பழகிய குரல், நாடு துக்கத்தில் இருந்தபோது இயல்பாகவே தேவைப்பட்டது. 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் இறந்தபோதும் 1963 நவம்பரில் கென்னடி சுடப்பட்டபோதும் நாடு முழுவதற்கும் அஞ்சலி ஒலிபரப்பில் இவர்கள் பாடினார்கள். நம்மூரில் ஒரு தலைவர் இறந்தால் ஆகாஷ்வாணி மற்ற நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு வீணை வாசிப்பைப் போடும் அல்லவா, அந்த இடத்தில் அங்கே இந்தக் கொயர். 1962 ஜூலையில் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் வழியாக ஐரோப்பாவுக்கு முதல் நேரடித் தொலைக்காட்சி ஒளிபரப்பு போனபோது, ரஷ்மோர் மலை அடிவாரத்தில் நின்று பாடியதும் இவர்கள்தான்.

1959-ல் ஒரு விசித்திரம் நடந்தது. யூஜின் ஆர்மண்டி நடத்திய ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து, உள்நாட்டுப் போர்க் காலத்துப் "குடியரசின் போர்க் கீதம்" என்ற பழைய பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டார்கள். அது அமெரிக்காவில் பிரபலமான பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 13-ஆம் இடம்வரை ஏறியது. ராக் அண்ட் ரோல் உச்சத்தில் இருந்த காலம், பட்டியலில் பாதி பேர் பதின்வயதினருக்காகப் பாடுகிறவர்கள். நடுவில் முந்நூறு பேர் கொண்ட சர்ச் கொயர்! கிராமியும் கிடைத்தது. அந்தப் பாட்டு வடக்குப் படைகளின் பாட்டு; ஒரு காலத்தில் ராணுவத்தையே தங்கள்மேல் ஏவிய அதே அரசின் பாட்டு. 1857-ல் அமெரிக்கப் படை உண்மையிலேயே யூட்டாவை நோக்கி அணிவகுத்துப் போயிருக்கிறது. நூறு ஆண்டில் நிலைமை அப்படித் திரும்பியது.

அதிபர் பதவியேற்புகள் 1965-ல் ஜான்சனிடமிருந்து தொடங்குகின்றன. 1981-ல் ரீகன் வைத்த பெயர்தான் நீங்கள் கேட்ட "அமெரிக்காவின் கொயர்". 2002-ல் ஒலிம்பிக்ஸ் சொந்த ஊருக்கே வந்தது. 2003-ல் தேசியக் கலைப் பதக்கம்.

வெளிநாட்டிலும் இதே வேலைதான். 1991 ஜூனில் சோவியத் யூனியன் கடைசி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம். கொயர் மாஸ்கோவின் போல்ஷாய் அரங்கில் பாடியது. நிகழ்ச்சிக்குப் பின் நடந்த விருந்தில், ரஷ்யக் குடியரசின் துணை அதிபர் ருட்ஸ்காய் எழுந்து, இந்தச் சபைக்கு ரஷ்யாவில் சட்ட அங்கீகாரம் கொடுக்கப்பட்டதாக அறிவித்தார். மனு போட்டுக் காத்திருந்த காரியம் கச்சேரிக்குப் பின் சாப்பாட்டு மேசையில் அறிவிப்பாக வந்தது. 1893-ல் கற்ற பாடத்தை அவர்கள் மறக்கவே இல்லை.

அப்புறம், உள்ளே எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பாடுகிற சுமார் 360 பேரில் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. ஆசிரியர், பல் மருத்துவர், இல்லத்தரசி, கணக்காளர் என்று பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். சேரும்போது வயது 25-லிருந்து 55-க்குள் இருக்க வேண்டும். வீடு சால்ட் லேக் சிட்டியிலிருந்து 100 மைல் தூரத்துக்குள் இருக்க வேண்டும். உள்ளூர் சபைப் பொறுப்பாளரின் பரிந்துரை வேண்டும். பாடி அனுப்பிய பதிவைக் கேட்டு ஒரு வடிகட்டல், அதன்பின் இசைக் கோட்பாட்டில் எழுத்துத் தேர்வு, அதன்பின் நேரில் பாட வேண்டும். அதிலும் தேறினால் சில மாதப் பயிற்சி வகுப்பு. நல்ல குரல் இருந்தும் எழுத்துத் தேர்வில் அடிபடுகிறவர்கள் உண்டு. சேர்ந்தபின் 20 ஆண்டு அல்லது 60 வயது, எது முதலில் வருகிறதோ அன்று விலக வேண்டும். வியாழன் மாலை ஒத்திகை, ஞாயிறு காலை ஒலிபரப்பு, வாராவாரம். நம்மூர் கொயர்களில் முப்பது வருடம் முன்வரிசையை விட்டு நகராத சில பெரியவர்களை நினைத்துப் பார்த்தால், இந்த 60 வயது விதியின் அருமை புரியும்.

இசையாக எப்படி என்று கேட்டால், என் கருத்தைச் சொல்கிறேன். முந்நூற்றறுபது பேர் பாடும்போது ஒலி கடல் மாதிரி வரும், உடம்பில் மோதும். ஆனால் சொல் தேயும். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் கொயரில் 16 சிறுவர்களும் பதினைந்துக்கும் குறைவான ஆண்களும்தான். அங்கே ஒவ்வொரு மெய்யெழுத்தும் தனியாக விழும். அந்தத் தெளிவை சால்ட் லேக்கில் எதிர்பார்க்கக் கூடாது. 1957 முதல் 1974 வரை நடத்திய ரிச்சர்ட் காண்டி, குரல் அதிரட்டும், உணர்ச்சி பொங்கட்டும் என்று விட்டவர். பழைய இசைத்தட்டுகளில் அந்த நடுக்கம் நன்றாகக் கேட்கும். அவருக்குப் பின் 1975-ல் வந்த ஜெரல்டு ஆட்லி கால் நூற்றாண்டு உட்கார்ந்து அந்த நடுக்கத்தைக் குறைத்துக் குரல்களை மெலிய வைத்தார். 2008 முதல் மேக் வில்பர்க். இவர் நடத்துநர் மட்டும் அல்ல, பாட்டுகளைக் கொயருக்கு ஏற்ப விரித்து எழுதுவதிலும் கெட்டிக்காரர். எனக்குச் சில சமயம் அவருடைய முடிவுகள் எல்லாமே ஒரே மாதிரி உச்சத்துக்கு ஏறுவதாகத் தோன்றும். ஆனால் 21,000 பேர் உட்காரும் மாநாட்டு மண்டபத்தில், 1999-ல் தொடங்கிய அவர்களுடைய சொந்த ஆர்க்கெஸ்ட்ராவோடு கேட்கிறவர்களுக்கு அந்தப் புகார் இருக்காது.

சங்கடமான பக்கங்களும் உண்டு. சபை 1978 வரை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் தரவில்லை. நாட்டின் குரல் என்று பெயர் வாங்கிய கொயரில் 1970-ஐ ஒட்டித்தான் முதல் கறுப்பினப் பெண்கள் நின்றார்கள். 2017-ல் டிரம்ப் பதவியேற்பில் பாட ஒப்புக்கொண்டபோது சபைக்கு உள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. ஒரு பாடகி பகிரங்கமாக விலகினார், வேண்டாம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் இணையத்தில் கையெழுத்திட்டார்கள். அழைப்பவர் யாராக இருந்தாலும் நாட்டுக்காகப் பாடுகிறோம் என்பது சபையின் பதில். எல்லோருக்கும் பொதுவான குரலாக இருப்பதற்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது: பாடினாலும் கட்சி, பாடாவிட்டாலும் கட்சி.

அடுத்த ஆண்டு இன்னொரு திருப்பம். மோர்மன் என்ற செல்லப்பெயர் வேண்டாம், சபையின் முழுப் பெயரையே சொல்லுங்கள் என்று தலைவர் ரஸ்ஸல் நெல்சன் 2018 ஆகஸ்டில் அறிவித்தார். அதுவரை உலகமே "மோர்மன் டேபர்னாக்கிள் கொயர்" என்று அறிந்திருந்த குழு, அக்டோபரில் "டெம்பிள் ஸ்கொயர் டேபர்னாக்கிள் கொயர்" ஆனது. டேபர்னாக்கிள் இருக்கும் வளாகத்தின் பெயர்தான் டெம்பிள் ஸ்கொயர். வணிகக் கண்ணால் பார்த்தால் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் காரியம். ஆனால் சபையைப் பொறுத்தவரை அதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாகத் தங்கள் அடையாளத்தை மென்மையாக்கிக் காட்டிய அதே குழுவை வைத்தே, தங்கள் பெயரை இப்போது முழுசாகச் சொல்ல வைக்கிறார்கள். பார்வையும் அமெரிக்காவுக்கு வெளியே நகர்ந்திருக்கிறது. 2023-ல் மெக்சிகோ, 2024-ல் பிலிப்பைன்ஸ் என்று பயணம். 2023 முதல் பிற நாட்டுப் பாடகர்களைச் சபை மாநாட்டுக்கு வரவழைத்துக் கூடவே நிறுத்துகிறார்கள். 100 மைல் விதி அவர்களுக்கு இல்லை.

நீங்களே கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் யூடியூபில் நேரலையாக வருகிறது. அவர்களுக்கு ஞாயிறு காலை 9.30; நமக்குக் கோடையில் ஞாயிறு இரவு 9 மணி, நவம்பருக்குப் பின் 10 மணி. நேரில் போகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் ஒலிபரப்பு முடியும்வரை கைதட்டக் கூடாது, இருமலையும் அடக்கிக்கொள்ள வேண்டும். முதல்முறை கேட்கிறவர்கள் பெரிய பாட்டுகளுக்குப் போகாமல், 1846-ல் பயண வழியில் அவர்களில் ஒருவரான வில்லியம் கிளேட்டன் எழுதிய "கம், கம், யீ செயின்ட்ஸ்" (Come, Come, Ye Saints) என்ற வழிநடைப் பாட்டிலிருந்து தொடங்குங்கள். பனியிலும் சேற்றிலும் வண்டி தள்ளிக்கொண்டே பாடிய பாட்டு. வழியில் செத்துப்போனாலும் எல்லாம் நலமே என்று முடியும். அந்தக் கடைசி அடியில் 360 பேரும் குரலைக் குறைத்து மெதுவாகப் பாடும் பதிவு கிடைத்தால் அதையே கேளுங்கள்.